உன்னிப்பாகக் கவனித்து வருபவர்

உலகத்தில் எங்கே ஓர் அநியாயம் நடந்தாலும் அதற்குப் பக்கத்தில், ஆனால் மேலே தெறிக்காத தூரத்தில், ஒருவர் நின்றுகொண்டிருப்பார். கைகளைப் பின்னால் கட்டியிருப்பார். கண்களை லேசாகச் சுருக்கியிருப்பார். அடிப்பவர் அவர் இல்லை, தடுப்பவரும் இல்லை. ஓடவும் மாட்டார், ஆளைக் கூப்பிடவும் மாட்டார். "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கவனிச்சுட்டு இருக்கேன்" என்பார், கொஞ்சம் கோபமாக, ஏதோ நீங்கள்தான் குறுக்கே வந்து அவருடைய வேலையைக் கெடுத்துவிட்டது போல. இந்தப் பிராணிக்குப் பெயர் உன்னிப்பாகக் கவனித்து வருபவர். கொம்பு கிடையாது. கடிக்காது. எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும். குளிரூட்டிய அறை கிடைத்தால் குட்டியும் போடும்.

இதை ஆராய்ச்சி செய்ய நான் காடு மேடெல்லாம் அலையவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. காலையில் முகம் மழித்து, செய்தித்தாளை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போகும்; சாயங்காலம் திரும்பி வந்து, அதே செய்தித்தாளைப் பிரித்து, காலையில் கவலைப்பட்ட செய்திக்கே மறுபடி ஒருமுறை கவலைப்படும்; என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும்; மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்கும். அம்மா அதை "என்னங்க" என்று கூப்பிடுவாள். நான் "அப்பா" என்று.

அப்பா முதலில் மீன்வளத் துறையில் இருந்தார். ஆற்றில் மீன் குறைந்துகொண்டே வந்ததை வருஷக்கணக்காக உன்னிப்பாகக் கவனித்தார். கவனிக்க மீனே இல்லை என்று ஆனதும், இப்படிப்பட்ட திறமை வீணாகக் கூடாது என்று மேலிடம் யோசித்து, அவரை மனித உரிமைக்கு மாற்றியது.

அதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. எங்கள் நாடும் சுற்றியுள்ள நான்கு நாடுகளும் சேர்ந்து வைத்திருப்பது. ஐந்து நாட்டு மனித உரிமைக் கூட்டுக் கண்காணிப்பு மன்றம் என்று பெயர். பெயர்ப்பலகையில் எழுத இடம் போதாமல் கடைசிச் சொல்லைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான் இதன் தத்துவம். தன் சிறையில் யார் இருக்கிறார், தன் காவல்காரர் யாரைத் தூக்கிக்கொண்டு போனார் என்பதெல்லாம் ஒரு நாட்டின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பக்கத்து நாட்டுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடையதை இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் ஐந்து பேரும் வட்ட மேசை வாங்கிப்போட்டு அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தால் முகம்தானே தெரியும்? முதுகு எங்கே தெரியும்? முகங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மன்றத்துக்கு இரண்டே விதிகள். ஒரு நாட்டின் வீட்டு விவகாரத்தில் இன்னொரு நாடு தலையிடக் கூடாது என்பது முதல் விதி. தீயணைப்பு நிலையம் திறந்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உத்தரவு போட்ட மாதிரி. எதைச் செய்வதானாலும் ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. ஒருவர் மாட்டேன் என்றால்கூட நடக்காது. மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை. அது மரியாதையும் இல்லை. "எங்க தலைநகர்லேர்ந்து இன்னும் அறிவுறுத்தல் வரல" என்றால் போதும். எப்பேர்ப்பட்ட தீர்மானமும் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

இந்த வருஷம் மன்றத்தின் தலைவர் அப்பா. தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்காதீர்கள். முறைவாசல் மாதிரி அது சுற்றிச் சுற்றி வரும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். சொல்கிறேன். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டும்.

"என்னங்க, குழாய் இன்னும் சொட்டுது."

"நான் கவனிச்சுக்கறேன்."

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க."

"கவனிச்சுக்கறேன்னு சொல்றேன்ல, விடும்மா."

அவ்வளவுதான். கேள்வி மேலே வந்து விழுவதற்கு முன்பே பதில் கிளம்பிவிடும். கண்ணில் தூசி விழப்போனால் இமை மூடிக்கொள்கிறதே, அந்த மாதிரி. தூங்கிக்கொண்டிருக்கும்போது அம்மா காதருகே போய் "கேஸ் தீந்துபோச்சு" என்றால், கண்ணைத் திறக்காமலே "கவனிச்சுக்கறேன்" என்பார். நான் ஒருமுறை சோதனைக்காக "அப்பா, வீட்டுக்குள்ள யானை வந்திருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். யானையையும் கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

அலுவலகத்தில் "கவனித்து வருகிறோம்." வீட்டில் "கவனிச்சுக்கறேன்." இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இஸ்திரி போட்ட சட்டைக்கும் பனியனுக்கும் உள்ளதுதான். முதலாவதைச் சொன்னால் எதுவும் நடக்கப்போவதில்லை என்று உலகத்துக்கே தெரியும். இரண்டாவதைச் சொன்னால் அது மனைவிக்கு மட்டும் தெரியும். நம் மொழியில் இந்தச் சொல் படும் பாடு கொஞ்சமா? விருந்தாளியைக் கவனிப்பார்கள். காகிதம் நகர வேண்டுமென்றால் அதிகாரியைக் கவனிப்பார்கள். காவல் நிலையத்தில் "உள்ள கூட்டிட்டுப் போய் நல்லா கவனிங்க" என்றால் அதற்கு வேறு அர்த்தம். அந்தக் கவனிப்பைக் கவனிக்கத்தான் இந்த மன்றமே.

நான் சும்மா இருப்பேனா? ஒரு காகிதத்தில் அழகாக எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டினேன்: "இக்குழாயின் நிலைமை குறித்து இக்குடும்பம் ஆழ்ந்த கவலை கொள்கிறது. சம்பந்தப்பட்ட அனைத்துத் தரப்பும் நிதானம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறது." அப்பா காப்பி எடுக்க வந்தவர் நின்று படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "ஆழ்ந்த" என்பதை அடித்துவிட்டு மேலே "உரிய" என்று எழுதினார்.

"ஆழ்ந்தங்கறது ரொம்ப அதிகம்டா. சொட்டத்தான செய்யுது? ஒழுகினாத்தான் ஆழ்ந்த."

"வெடிச்சா?"

"வெடிச்சா மிகவும் ஆழ்ந்த."

"வீடே முழுகிட்டா?"

அப்பா யோசித்தார். "அப்ப அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

மன்றத்தின் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். மக்கள் பார்க்கட்டும் என்பதற்காக. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஓரத்தில் தெரியும். பெரும்பாலும் இரண்டு. ஒன்று நான், இன்னொன்று என் பக்கத்தில் அம்மாவின் கைப்பேசி. சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கும் அமர்வுகளில் அப்பா கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்; அந்த முகங்களைப் பிடித்து வைத்து நண்பர்களுக்கு அனுப்ப எனக்கு அவை தேவைப்பட்டன. அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். தட்டோடு உட்கார்ந்து அவளும் பார்ப்பாள். "நானும் ஊசிய கையில வச்சுட்டு, நரம்பைப் பாத்து கவலை தெரிவிச்சுட்டே இருந்தா ரத்தம் வருமாடா?" என்பாள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் நீங்கள் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் அக்கரைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் பிரதிநிதி. அப்பாவுக்கு நெருங்கிய நண்பர். இரண்டு பேருக்கும் வயிற்றில் ஒரே புளிப்பு. ஒரே அட்டையிலிருந்து மாத்திரை பிய்த்துப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டு வளர்ந்த நட்பு. இன்னொருவர் தீவம்மா. சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி. மொழிபெயர்ப்பு கேட்பதற்காகக் கொடுக்கும் காதுமாட்டியை வந்ததும் மாட்டிக்கொள்வார், போகும்போதுதான் கழற்றுவார். யாரும் பேசாத நேரத்திலும் அவருடைய தலை தாளத்தோடு அசையும். அதில் பாட்டு ஓடுகிறது என்பது என் கட்சி.

ஒரு நாள், எனக்குப் பள்ளி விடுமுறை, மன்றத்தில் பொதுமக்கள் பேசும் அமர்வு. ஒரு தையற்கார அக்கா எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே வந்துவிட்டார். அவருடைய தம்பி கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும் வழியில் பேருந்து நிலையத்தில் காவல்காரர்கள் அங்கிருந்த சிலரைப் போட்டு அடிப்பதைப் பார்த்து, கையில் இருந்த கருவியால் அதையும் எடுத்துவிட்டார். பொண்ணு மாப்பிள்ளை படத்தோடு சேர்த்து அவரையும் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்கள். மழைக்காலம் வந்து போய்விட்டது. வழக்கும் இல்லை, தேதியும் இல்லை.

"நான் விடுதலை கேக்க வரலீங்க" என்றார் அக்கா. "அது பெரிய விஷயம்னு நீங்களே போன கூட்டத்துல சொல்லிட்டீங்க. அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. உள்ள இருக்கற மருந்து தீந்துபோச்சுன்னு, விடுதலையாகி வந்த ஒருத்தர் சொன்னாரு. நான் கொண்டுபோய்க் குடுத்தா வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க. தபால்ல போட்டேன், திரும்பி வந்துருச்சு. இதை மட்டும் அவன் கையில சேத்துருங்க. அவ்வளவுதான்."

கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"இன்ஹேலர்டா அது" என்றாள் அம்மா. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் நாட்டுச் சிறைகளில் மருத்துவ வசதி மிகச் சிறப்பாக உள்ளது, வீட்டு விவகாரம் என்ற விதியை அவைக்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன் என்றார். மேசையிலிருந்த மலைநாட்டுக்காரர் ஆமோதித்தார். தீவம்மாவின் தலை தாளத்தோடு அசைந்தது. தலைவர் பதில் சொல்ல வேண்டும். நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்று சொல்ல வேண்டும். எழுதி முன்னாலேயே வைத்திருந்தது. ஆனால் தலைவர் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஆழ்நிலையில் இருந்தார். கண் திறந்திருந்தது; ஆள் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ஐயா", "மாண்புமிகு" எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அலுத்துப்போன குரலில், வீட்டில் ஒரு ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

"அந்த மருந்து என்னதான் ஆச்சு? எத்தனை தடவ சொல்றது?"

அது அப்படியே அம்மாவின் குரல். குழாய்க் குரல்.

அப்பாவின் வாய் திறந்தது. "நான் கவனிச்சுக்கறேன், விடும்மா" என்றார்.

மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவனித்து வருகிறோம் என்பதற்கு நான்கு மொழியிலும் அவர்களிடம் தயார் சரக்கு இருந்தது; இதற்கு இல்லை. ஆகவே சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்கள்: இதை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பொறுப்பு, நீங்கள் கவலைப்படாதீர்கள். நான்கு மொழிகளில்.

"ஐயையோ" என்றாள் அம்மா. "அது எனக்குச் சொல்ற கவனிச்சுக்கறேன்டா!"

ஆனால் அது பொய் என்று மனைவிக்கு மட்டும்தானே தெரியும்? அக்காவுக்குத் தெரியாதே. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, பொட்டலத்தைத் தலைவருக்கு முன்னால் வைத்தார். "சரிங்க. அப்ப நீங்க பாத்துக்குங்க" என்றார். போய்விட்டார்.

கூட்டத்தை நிறுத்தினார்கள். ஒலிவாங்கியை நிறுத்தவில்லை.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" இது அக்கரைக்காரர்.

"வாய் தவறிடுச்சுங்க."

"வாய் தவறினா மூக்குக்கு வரட்டும், எங்க ஜெயிலுக்கா வரணும்? சரி சரி, குறிப்புலேர்ந்து அந்த வரிய எடுத்துருவோம். ரெண்டு நிமிஷ வேலை. இந்தாங்க, மாத்திரை போடுங்க."

இரண்டு நிமிஷ வேலைதான். ஆனால் பதிவான ஒரு வரியை எடுப்பதும் ஒரு செயல். எந்தச் செயலுக்கும் ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கரைக்காரர் சரி என்றார். அப்பா அவசரமாகச் சரி என்றார். மலைநாடு சரி. மேற்கு நாடு சரி. எல்லோரும் தீவம்மாவைப் பார்த்தார்கள். அவர் காதுமாட்டியைக் கழற்றினார். நான் பார்த்த வரையில் முதல் தடவை. பொட்டலத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"எங்க தலைநகர்லேர்ந்து இன்னும் அறிவுறுத்தல் வரல" என்றார்.

"எப்பங்க வரும்?"

"கேட்டிருக்கேன்."

மறுபடி மாட்டிக்கொண்டார். எத்தனை நல்ல தீர்மானங்களை அந்த வாக்கியம் கொன்றிருக்கும்! அன்றைக்குத்தான் அது முதல் முறையாக ஒன்றுக்கு உயிர் கொடுத்தது.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, "எங்கள் வீட்டுக் குழாய்க்கு வழங்கப்பட்ட அதே வாக்குறுதி" என்று தலைப்புப் போட்டு, நான் நான்கு நண்பர்களுக்கு அனுப்பினேன். சிரிக்கத்தான். அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். அவர்களில் யாரோ ஒருவருடைய சித்தப்பா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் அந்தத் தம்பி. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் வந்தது: "கைதிக்கு மருந்து சேரும்: மன்றத் தலைவர் உறுதி." அப்பா அதை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பொட்டலம், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.

"ஒரு மறுப்பு அறிக்கை குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார் அப்பா.

"என்னன்னு? நான் பாத்துக்க மாட்டேன்னா?" என்றாள் அம்மா.

"சூழ்நிலை தெரியாமப் பேசாத. அது இன்னொரு நாடு. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

அம்மா அலமாரியிலிருந்து குளிர்பானம் உறிஞ்சும் மெல்லிய குழல் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "வாயில வைங்க. மூக்கப் பொத்திக்குங்க. இது வழியா மட்டும் மூச்சு விட்டுட்டு, மாடிப்படி ஏறிட்டு வாங்க."

"எதுக்கு?"

"ஏறுங்க, சொல்றேன்."

எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு வளைந்து வளைந்து போகும். அப்பா குழலைக் கடித்துக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி ஏறுவதை நான் கீழே நின்று படம் எடுத்தேன். என் வாழ்க்கையின் சிறந்த படமாக வரப்போகிறது என்று நினைத்தேன். முதல் வளைவு வரை கம்பீரமாகப் போனார். இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்தார். மூன்றாவதில் குழலைத் துப்பிவிட்டு, படியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அம்மா படியேறிப் போய் அவர் முதுகைத் தடவிவிட்டாள். "நீங்க துப்பிட்டீங்க. அவனால துப்ப முடியாது" என்றாள்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. சரியாக வரவில்லை.

மறுப்பு அறிக்கை கொடுக்காமல், "நல்லெண்ண விஜயம்" என்ற பெயரில் அக்கரைக்குப் போவதென்று முடிவாயிற்று. அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடம் என்னைச் சில நாள் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரின் நாற்காலி சம்பந்தப்பட்ட விஷயம், இந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது. "இவனை வீட்டுல தனியா விட்டுட்டு என்னால வேலைக்குப் போக முடியாது. கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா. ஆகவே இதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி நான்.

அந்தச் சிறையில் எங்களை எப்படிக் கவனித்தார்கள் தெரியுமா! விருந்தாளிக் கவனிப்பு. பூங்கொத்து, பழச்சாறு, தட்டில் நான்கு விதமான பிஸ்கட். சிறை அதிகாரி சிரித்த முகத்தோடு சுற்றிக் காட்டினார். சமையல்கூடம், அதில் யாரும் சமைக்காத புதுப் பாத்திரங்கள். நூலகம், அதில் யாரும் பிரிக்காத புத்தகங்கள். மருத்துவ அறை, அதில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. சுவர்களுக்கு அன்று காலையில்தான் வெள்ளையடித்திருந்தார்கள். அப்பா ஒவ்வொரு அறையிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அருமை, அருமை" என்று சொல்லி, சுவரில் சாய்ந்து நின்று, உன்னிப்பாகக் கவனித்தார். அவ்வளவுதான், இந்த ஆள் பிஸ்கட்டோடு திரும்பப்போகிறார் என்று நினைத்தேன்.

சுற்றிக் காட்டி முடிந்து அலுவலக அறைக்கு வந்தோம். அதிகாரி கையை நீட்டினார்.

"மருந்தைக் குடுத்துட்டுப் போங்க சார். நாங்க கவனிச்சுக்கறோம்."

பொட்டலத்தோடு பாதி தூரம் போயிருந்த அப்பாவின் கை நின்றது.

வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்; அவ்வளவு உறுதியாகச் சொன்னார். ஆனால் எங்கள் அப்பா அந்தச் சரக்கைத் தயாரித்து விற்கிறவர். அதில் பால் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கை மெல்லப் பின்னால் வந்தது.

"இல்ல. வேண்டாம்" என்றார்.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"இருக்கு சார். அந்த வார்த்தை மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. அதனாலதான் சொல்றேன். அந்தத் தம்பியக் கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னால அவரு மருந்து இழுக்கணும்."

"விதிமுறைல இடமில்லையே சார்."

"அப்ப இடம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். ஒண்ணும் பண்ணாம உக்காந்து பாத்துட்டே இருக்கறதுதான் சார் என் வேலை. அதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது."

உட்கார்ந்தார்.

வாசகரே, அந்த உட்காரலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிகாரி சிரித்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், சாப்பிடப் போய் வந்து பார்த்தார். அப்பா நகரவில்லை. விசிறியை நிறுத்தினார்கள், வியர்த்தது, நகரவில்லை. அக்கரைக்காரர் தொலைபேசியில் வந்து, "நம்ம நட்பை நினைச்சுப் பாருங்க" என்றார். "நினைச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். வரும்போது மாத்திரை எடுத்துட்டு வாங்க, இங்க நேரமாகும் போலிருக்கு" என்றார் அப்பா. எத்தனையோ வட்ட மேசைகளில், எத்தனையோ உரைகளுக்கு நடுவே, ஓர் அங்குலம் அசையாமல் உட்கார்ந்து பழகிய உடம்பு அது. அன்றைக்கு அந்தத் திறமைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு கூட்டிவந்தார்கள்.

தம்பி என்றதும் நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் கதவிடுக்கில் காற்று போவதுபோல ஒரு சத்தம். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். அவசரத்தில் மூடி கீழே விழுந்து உருண்டது. நீட்டினார்.

"குலுக்கணும் சார்" என்றார் தம்பி, இரண்டு மூச்சில்.

அப்பா குலுக்கினார். தேவைக்கு மேலேயே குலுக்கினார். தம்பி வாங்கி, வாயில் வைத்து, அழுத்தி இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மறுபடி இழுத்தார். அதிகாரிகூட அவர் எப்போது மூச்சை விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தோள்கள் காதைவிட்டு இறங்கின.

அப்பா குனிந்து, மேசைக்கு அடியில் உருண்டிருந்த மூடியைத் தேடினார்.

"சார்" என்றார் தம்பி. இப்போது ஒரே மூச்சில் முழு வாக்கியம் வந்தது. "உங்க முதுகெல்லாம் சுண்ணாம்பு சார்."

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தையற்கார அக்கா நின்றிருந்தார். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, "இழுத்தாருங்க. ரெண்டு தடவை. நான் பாத்தேன்" என்றார். மன்றத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையும் அவ்வளவுதான். கூடவே, அடுத்த மாதமும் போகிறேன் என்று ஒரு வரி. அதில் "கவலை" என்ற சொல்லே இல்லை என்று மலைநாட்டுக்காரர் ஆட்சேபித்து, அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் பத்துப் பேர் பேசினார்கள். பத்துப் பேருக்கும் உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்றுதான் பதில் சொன்னார். குழாய்க்கு அம்மா வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டாள். ஆனால் மாதா மாதம், முதல் வாரம், இஸ்திரி போட்ட சட்டையோடு அக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே பிஸ்கட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

சரி, இனத்தின் அடையாளங்களையெல்லாம் சொல்லிவிட்டேன். தெருவில், அலுவலகத்தில், சொந்தக்காரர்கள் மத்தியில் எங்கே பார்த்தாலும் இனி நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் படம் எடுக்கிற தம்பியா? அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். வழக்கும் இல்லை, தேதியும் இல்லை.

இதைப் படித்ததும் உங்கள் வாயிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்ததே, கவனித்தீர்களா? அதைத்தான் எங்கள் அப்பாவின் அலுவலகத்தில் நாலு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து, ஐந்து நாட்டு முத்திரை வைத்து அனுப்புகிறார்கள்.